முகமும் ஒளியும்: ஹைதராபாத்தின் உருவப்பட மரபும் ஃபிளாஷ் ஒளிப் பயிற்சியும்

உருவப்படக் கலையில் இரண்டு பொருள்கள் ஒருங்கே பயிலப்பட வேண்டியவை: ஒன்று, முகத்தின்மேல் விழும் ஒளி, மற்றொன்று, அந்த முகத்துக்குரியவர் கேமராவின் முன் கொள்ளும் மனநிலை. முன்னதைக் கற்றுத் தேறலாம், பின்னது சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்று இரண்டையும் பிரித்துக் கருதும் வழக்கம் படக்கலைஞரிடையே பரவலாக உள்ளது. ஹைதராபாத்தின் உருவப்பட வரலாறு இக்கருத்துக்கு இடம் தரவில்லை. ஒளியைத் திட்டமிட்டு அமைப்பது போலவே, அமர்பவர் அச்சமும் கூச்சமும் இன்றி இருப்பதற்கான சூழலையும் திட்டமிட்டு அமைக்க முடியும் என்பதை இந்நகரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்துகாட்டியது. இச்சொற்பொழிவு அந்த வரலாற்றிலிருந்து தொடங்கி, ஃபிளாஷ் விளக்கைக் கொண்டு மாடல்களைப் படமெடுக்கப் பயிலும் கலைஞர்கள் எவற்றை அளக்க வேண்டும், எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை முறைப்படுத்திக் கூற முற்படுகிறது.

செகந்திராபாத் கூடமும் ஜனானா கூடமும்

ஹைதராபாத்தின் உருவப்பட மரபைப் பற்றிய எந்தப் பேச்சும் லாலா தீன் தயாளைத் தவிர்க்க இயலாது. 1844இல் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் பிறந்த அவர், ரூர்க்கியின் தாம்சன் பொறியியல் கல்லூரியில் பயின்று, இந்தூரின் பொதுப்பணித் துறையில் வரைவாளராகப் பணியாற்றியவர். அங்கிருந்தபோது 1870களில் புகைப்படக் கலையைக் கைக்கொண்ட அவர், 1880களின் நடுப்பகுதியில் ஹைதராபாத்துக்கு வந்து, ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக் கலைஞராகி, செகந்திராபாத்தில் தம் கூடத்தை நிறுவினார். 1894இல் நிஜாம் அவருக்கு ராஜா முசவ்விர் ஜங் பகதூர் என்னும் பட்டத்தை வழங்கினார்; 1896இல் பம்பாயிலும் ஒரு கிளைக் கூடம் திறக்கப்பட்டது; 1897இல் விக்டோரியா பேரரசியின் அரச அங்கீகாரமும் கிட்டியது. 1905இல் அவர் மறைந்த பிறகும் எஞ்சிய கண்ணாடி நெகட்டிவ்களுள் 2,857 தகடுகளை டெல்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது.

அவருடைய உருவப்படங்களில் இன்றும் பயிலத்தக்கது அவற்றின் ஒளியமைப்பாகும். அக்காலக் கூடங்களில் ஒளி என்பது பெரும்பாலும் கூரை வழியாகவும் பக்கச் சாளரம் வழியாகவும் வரும் பகலொளியே. கலைஞர் திரைகளை இழுத்தும் விலக்கியும் அந்த ஒளி எத்திசையிலிருந்து எவ்வளவு அகலத்தில் வர வேண்டும் என்பதை வரையறுத்தார். நிழற்பக்கம் மிகவும் இருண்டால் வெள்ளைப் பலகையொன்றை நிறுத்தி ஒளியைத் திருப்பினார். பதிவுக்கு நொடிக்கணக்கில் நேரம் தேவைப்பட்டதால், அமர்பவரின் தலை அசையாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைப்பதும் வழக்கமாயிருந்தது. நில அளவையிலும் வரைவிலும் பயிற்சி பெற்ற தீன் தயாளின் கண், ஆடையின் மடிப்பும் வாளின் பிடியும் முகத்தோடு எவ்வாறு பொருந்த வேண்டும் என்பதை நுணுகிக் கண்டது.

அமர்பவரைப் பொறுத்தவரை அவர் செய்த ஏற்பாடு இன்னும் குறிப்பிடத்தக்கது. பர்தா முறையைக் கைக்கொண்ட குடும்பத்துப் பெண்கள் ஆண் கலைஞர் முன் அமர்ந்து படமெடுத்துக்கொள்ள இயலாத நிலையில், 1892இல் அவர் ஹைதராபாத்தில் ஜனானா கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஜனானா என்பது வீட்டில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியைக் குறிக்கும். உயர்ந்த மதில்களால் மறைக்கப்பட்ட அக்கூடத்தை திருமதி கென்னி-லெவிக் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி நடத்தினார். உதவியாளர்களும் பெண்களாகவே இருந்தனர். அமர்பவரின் கூச்சத்தை இன்சொல்லால் போக்க முயல்வதற்கு மாறாக, அக்கூச்சத்துக்குக் காரணமான சூழலையே மாற்றியமைத்த செயல் அது. கேமராவை யார் இயக்குகிறார், யார் அருகில் நிற்கிறார், யார் பார்க்க முடியும் என்பவை தீர்மானிக்கப்பட்ட பின்னரே ஒளியும் நிலையும் பேசப்பட்டன. இந்த வரிசை முறை இன்றைய கலைஞருக்கும் உரியது.

ஃபிளாஷின் வருகை

பகலொளியை நம்பியிருந்த கலைக்குச் செயற்கை ஒளி படிப்படியாகவே வந்து சேர்ந்தது. 1860களில் மக்னீசிய நாடாவை எரித்துப் படமெடுக்கும் முறை ஐரோப்பாவில் தோன்றியது. 1887இல் ஜெர்மனியின் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றைக் கலந்து, ஒரு கணத்தில் எரிந்து முடியும் ஃபிளாஷ் தூளை உருவாக்கினர். அது புகையும் தீ விபத்தும் நிறைந்த முறையாதலால், 1920களின் இறுதியில் கண்ணாடிக் குமிழுக்குள் உலோகத் தகட்டை எரிக்கும் ஃபிளாஷ் பல்பு அதன் இடத்தைப் பெற்றது. 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்ட் எட்கர்ட்டன், மின்தேக்கியில் சேமித்த மின்னாற்றலை வாயு நிரம்பிய குழாயின் வழியே ஒரே வீச்சில் பாய்ச்சி ஒளியாக்கும் மின்னணு ஃபிளாஷை வளர்த்தெடுத்தார். இன்று கேமராவின் தலையில் பொருத்தும் சிறு ஃபிளாஷும், ஸ்டுடியோவில் தாங்கியின்மேல் நிற்கும் பெரிய ஃபிளாஷும் இந்த நெறியிலேயே இயங்குகின்றன.

இம்மாற்றத்தால் கலைஞரின் கவனம் இடம் மாறியது. நொடிக்கணக்கில் அசையாது அமர வேண்டியிருந்தவர், இப்போது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் பதிவாகிவிடுகிறார். ஆகவே தலைத் தாங்கி தேவையற்றதாயிற்று. ஆனால் அந்த மிகக் குறுகிய கணத்தை எப்போது தேர்ந்தெடுப்பது என்னும் பொறுப்பு முழுவதும் கலைஞரைச் சேர்ந்தது. மேலும், சாளர ஒளி முகத்தில் விழுவதை முன்கூட்டியே கண்ணால் காணலாம். ஃபிளாஷின் நிழலோ படம் எடுத்த பின்னரே தெரிகிறது. இதனால்தான் ஸ்டுடியோ ஃபிளாஷ்களில் மாடலிங் லேம்ப் என்னும் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு சேர்க்கப்படுகிறது. அது இல்லாத சிறு ஃபிளாஷைக் கையாள்பவர், ஒளியைக் கணக்கிட்டு முன்னுணரும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒளியின் நான்கு அளவுகள்

அந்தக் கணக்கு திசை, பரப்பு, தொலைவு, விகிதம் என்னும் நான்கு அளவுகளில் அடங்கும்.

முதலாவது திசை. கேமராவின் மேலேயே ஃபிளாஷைப் பொருத்தி நேராக வீசினால், நிழல்கள் யாவும் முகத்தின் பின்னால் மறைந்துவிடுவதால், மூக்கும் கன்னமும் தாடையும் தம் புடைப்பை இழந்து முகம் தட்டையாகத் தோன்றும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து விலக்கி, அமர்பவரின் ஒரு பக்கமாகச் சுமார் 45 பாகையிலும் கண் மட்டத்துக்குச் சற்று மேலும் நிறுத்தினால், மூக்கின் நிழல் கன்னத்தை நோக்கிச் சிறு வளைவாக விழும். விளக்கை மேலும் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்நிழல் கன்ன நிழலோடு கலந்து, இருண்ட கன்னத்தில் ஒரு முக்கோண ஒளித்துண்டு மட்டும் எஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் இவ்வமைப்பு வழங்குகிறது. விளக்கை முகத்துக்கு நேராகவும் உயரமாகவும் வைத்தால் மூக்கின் அடியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் நிழல் விழும். இது கன்ன எலும்பை எடுத்துக்காட்டுவதால் திரைக் கலைஞர்களின் படங்களுக்கு மிகுதியும் பயன்படுகிறது. எவ்வமைப்பாயினும் கண்மணியில் விளக்கின் சிறு பிரதிபலிப்பு தெரிய வேண்டும். அது தெரியாவிடில் விளக்கு வேண்டிய அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது என்பது பொருள்.

இரண்டாவது பரப்பு. அமர்பவரின் இடத்திலிருந்து நோக்கும்போது ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு மென்மையாக நிழலின் ஓரம் கரையும். சாஃப்ட்பாக்ஸ் என்னும் துணிப் பெட்டியும் வெள்ளைக் குடையும் ஃபிளாஷின் சிறு முகப்பைப் பெரிதாக்கவே பயன்படுகின்றன. எனினும் 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை முகத்துக்கு 60 சென்டிமீட்டர் தொலைவில் வைக்கையில் கிடைக்கும் மென்மை, அதையே 3 மீட்டருக்கு அப்பால் வைக்கையில் கிடைக்காது. சாஃப்ட்பாக்ஸ் வாங்கியும் படம் கடுமையாகவே வருகிறது என்று வருந்துவோரில் பலர், அதனை அச்சத்தோடு தள்ளி நிறுத்தியவர்களே.

மூன்றாவது தொலைவு. சிறு மூலத்திலிருந்து வரும் ஒளி தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது தொலைவு இருமடங்கானால் ஒளி கால் பங்காகும். இவ்விதியைப் பின்புலத்தின் நிறத்தை மாற்றவும் பயன்படுத்தலாம். அமர்பவருக்கு 2 மீட்டர் பின்னால் வெண்சுவர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். விளக்கு முகத்துக்கு 1 மீட்டரில் இருந்தால், சுவர் அதிலிருந்து 3 மீட்டரில் அமைந்து, முகத்தில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கையே பெற்று அடர்சாம்பலாகத் தோன்றும். விளக்கை 3 மீட்டருக்கு விலக்கினால், சுவர் 5 மீட்டரில் அமைந்து, முகத்தின் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகப் பெற்று வெளிர்சாம்பலாகும். சுவரையோ திரையையோ மாற்றாமலேயே இரு வேறு பின்புலங்கள் இவ்வாறு கிடைக்கின்றன. திருமண வீட்டில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திப் படமெடுக்கும்போது விளக்கைத் தள்ளி வைப்பதும் இவ்விதியால்தான். அருகில் வைத்தால் ஓரத்தில் நிற்பவர் வெளுத்தும் மறுகோடியில் நிற்பவர் இருண்டும் போவர்.

நான்காவது விகிதம். முகத்தின் வடிவைத் தீர்மானிக்கும் முதன்மை ஒளிக்கும், நிழற்பக்கத்தை எழுப்பும் நிரப்பு ஒளிக்கும் உள்ள வேறுபாடு ஸ்டாப் என்னும் அலகால் அளக்கப்படும். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ குறிக்கும். ஒரு ஸ்டாப் வேறுபாடு அமைதியான, திறந்த முகத்தைத் தரும். இரண்டு ஸ்டாப் வேறுபாடு முகத்தின் உறுதியையும் முதுமையின் வரைகளையும் வெளிக்கொணரும். நிரப்பு ஒளிக்கு இரண்டாவது ஃபிளாஷ் தேவையில்லை. திரைப்படப் படப்பிடிப்புகளில் காணும் வெள்ளைத் தெர்மாகோல் பலகையே போதும். அதையே கறுப்புத் துணியால் மூடி நிழற்பக்கத்தில் நிறுத்தினால், சிதறி வரும் ஒளி தடைபட்டு நிழல் ஆழமாகும்.

தக்காணத்து வெயிலில் ஃபிளாஷ்

ஹைதராபாத் வடக்கு அகலாங்கு 17 பாகையை ஒட்டி அமைந்திருப்பதால், மே மாதத் தொடக்கத்திலும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. அந்த நாள்களிலும் அவற்றை ஒட்டிய வாரங்களிலும் வெளியில் எடுக்கும் படங்களில் புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். இந்நிலையில் ஃபிளாஷ் ஒரு தேவையாகிறது. ஆனால் அதன் எல்லையை அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

கேமராவின் ஷட்டர் இரு திரைகளால் ஆனது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், பொதுவாக 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல், உணரி முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. ஆகவே ஃபிளாஷ் அந்த வேகத்துக்குள்தான் முழுப்படத்தையும் ஒளியூட்டும். அதற்கு மேல் சென்றால் படத்தில் கரும்பட்டை விழும். தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 எனக் கொண்டால் அபெர்ச்சர் ஏறத்தாழ எஃப் 11 ஆக அமையும். ஃபிளாஷின் வழிகாட்டி எண்ணை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் அது எட்டக்கூடிய தொலைவு கிடைக்கும். வழிகாட்டி எண் 36 மீட்டர் உள்ள சிறு ஃபிளாஷ், முழு ஆற்றலில் எஃப் 11இல் சுமார் 3.3 மீட்டரை எட்டும்; சாஃப்ட்பாக்ஸ் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கினால் அது 1.6 மீட்டராகச் சுருங்கும். ஆகவே வெயிலில் விளக்கு முகத்துக்கு மிக அருகில், படச் சட்டத்தின் ஓரத்தை உரசும் நிலையில் நிற்க வேண்டும். உயர்வேக ஒத்திசைவு முறை 1/250ஐக் கடக்க வழிவிடினும், அதில் ஃபிளாஷ் சிறு சிறு துடிப்புகளாகப் பிரிவதால் ஆற்றல் மேலும் குறைகிறது.

இதிலிருந்து ஒரு செயல்முறை பிறக்கிறது. ஷட்டர் வேகம் சூழலொளியை ஆள்கிறது; ஃபிளாஷின் ஆற்றலும் தொலைவும் முகத்தை ஆள்கின்றன; அபெர்ச்சர் இரண்டையும் ஒருசேர ஆள்கிறது. அமர்பவரைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தி, பின்புலத்தை முதலில் அளந்து அமைத்து, பின்னர் ஃபிளாஷைப் படிப்படியாக உயர்த்துவது தெளிவான முறை. கோல்கொண்டா, சார்மினார் போன்று தொல்லியல் துறையின் காப்பிலுள்ள இடங்களில் முக்காலியும் விளக்குத் தாங்கியும் நிறுத்த முன் அனுமதி தேவை. அனுமதி பெற்றுச் செல்வது, மாடலைப் பாதியில் எழுந்து ஓடச் செய்யாமல் காக்கும் மரியாதையும் ஆகும்.

நிறமும் அணியும்

கேமராவின் உள்ளளவி, தான் காணும் எதையும் 18 விழுக்காட்டுச் சாம்பலாகக் கருதிக் கணக்கிடுவதால், கறுப்பு ஷெர்வானியைக் கண்டால் ஒளியைக் கூட்டியும் வெண்புடவையைக் கண்டால் குறைத்தும் முகத்தின் நிறத்தைத் தவறவிடும். முகத்தருகே பிடித்து, அதன்மேல் விழும் ஒளியையே அளக்கும் கைமீட்டர் இத்தவற்றைச் செய்வதில்லை. மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்களில் வடிவம் பெரும்பாலும் பளபளப்பின் ஏற்ற இறக்கத்தால் தெரிகிறது. எனவே இவற்றுக்கு வேண்டியது மிகுதியான ஒளி அன்று, பரந்த பரப்பிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளி. ஒரு ஸ்டாப் கூட்டி முகத்தை வெளுக்கச் செய்வதும், பின்னர்க் கணினியில் மேலும் வெளுப்பதும் திருமணப் படத்தொழிலில் வாடிக்கையாகிவிட்டன. இது அமர்பவரின் நிறத்தைக் குறையென்று அவரிடமே அறிவிக்கும் செயல். தொழிலறம் அறிந்தவர் இதனைக் கைவிட வேண்டும்.

ஹைதராபாத் மணப்பெண் அணியும் சத்லடா என்னும் ஏழுசர முத்துமாலையும், கடா துப்பட்டாவின் சரிகையும் விளக்கின் அமைப்பை அப்படியே காட்டிக்கொடுப்பவை. சிறு விளக்கு ஒவ்வொரு முத்திலும் கூர்மையான வெண்புள்ளியாக விழும். பெரிய பரப்பிலிருந்து வரும் ஒளியோ முத்தின் வளைவில் பரவி அதன் மினுக்கத்தை உணர்த்தும். மண்டபத்தின் மஞ்சள் விளக்குகளோடு ஃபிளாஷைச் சேர்க்கையில், ஃபிளாஷின் நீலச்சாயல் வேறுபட்டு நிற்காதிருக்க, அதன்மேல் ஆரஞ்சு நிற ஜெல் தாளைப் பொருத்தி இரண்டையும் ஒரே நிற வெப்பநிலைக்குக் கொணர வேண்டும்.

அமர்பவரோடு செய்யும் வேலை

கிருஷ்ணா நகரிலும் ஃபிலிம் நகரிலும் திரையுலக வாய்ப்பு நாடி வரும் இளைஞர்கள் பலர் முதன்முதலாகப் பணம் செலவிட்டு எடுத்துக்கொள்வது உருவப்படத் தொகுப்பே. அவர்களும், ஊதியம் பெற்று வரும் தொழில்முறை மாடல்களும், படக்கலைஞரை எளிதில் மறுத்துப் பேச இயலாத நிலையில் இருக்கக்கூடும். ஆகவே இசைவு என்பது படம் எடுப்பதற்கு முன்பே எழுத்தில் அமைய வேண்டும்: எத்தகைய உடை, எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊதியம், படங்கள் எங்கெங்கே வெளியாகும், எவை அழிக்கப்படும் என்பன அதில் இடம்பெற வேண்டும். துணையாக ஒருவரை அழைத்து வரலாம் என்பதைக் கலைஞரே முன்வந்து கூற வேண்டும். ஆடையையோ கூந்தலையோ திருத்த வேண்டுமாயின், தொடாமல் சொல்லால் உணர்த்துவதோ, ஒப்பனையாளரிடம் விடுவதோ தகும். ஜனானா கூடத்தின் மதிலும் பெண் உதவியாளரும் செய்த பணியை இன்று இந்த ஏற்பாடுகள் செய்கின்றன.

நிலையைப் பற்றிய அறிவுரைகள் செய்யத்தக்க சிறு செயல்களாக இருக்க வேண்டும். இயல்பாக இருங்கள் என்னும் சொல் எவரையும் இயல்பாக்குவதில்லை. எடையைப் பின்காலில் வைக்கச் சொன்னால் தோள் தானே தளரும். நெற்றியைச் சற்று முன்னே நீட்டச் சொன்னால் தாடைக்கோடு தெளியும். கைக்கு நாற்காலியின் விளிம்பையோ துப்பட்டாவின் முனையையோ பிடிக்கக் கொடுத்தால் விரல்களின் இறுக்கம் குறையும். கேமரா ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்குள் நிற்பது முகத்தின் உறுப்புகளைச் சரியான அளவில் காட்டும்; மிக நெருங்கினால் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தோன்றும். 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் இத்தொலைவுக்குப் பொருந்துவதாலேயே உருவப்பட லென்ஸ் எனப் பெயர் பெற்றது. விளக்குகளை மாடல் வருவதற்கு முன்பே ஓர் உதவியாளரை அமர்த்திச் சோதித்து முடித்துவிட வேண்டும்; அமர்ந்திருப்பவரைக் காக்கவைத்துப் பொத்தான்களைத் தேடுபவர், அவர் முகத்தின் மலர்ச்சியைத் தாமே செலவழித்துவிடுகிறார்.

பயிற்சியின் வரிசை

பயில்வோர் முதலில் ஒரே ஒரு ஃபிளாஷும் ஒரு வெள்ளைப் பலகையும் கொண்டு, ஒரே முகத்தைச் சுற்றி விளக்கை நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் கோணம், உயரம், தொலைவு, ஆற்றல், அபெர்ச்சர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். இரண்டாவது விளக்கு, முதலாவது விளக்கின் ஒவ்வொரு நிழலுக்கும் காரணம் சொல்லத் தெரிந்த பிறகே சேர்க்கத்தக்கது. அத்துடன் படத்துக்கு அமர்ந்தவரிடம் எடுத்த படங்களைக் காட்டி, அவர் எவற்றைத் தம் முகமாக ஏற்கிறார், எவற்றை மறுக்கிறார் என்பதையும் அதே குறிப்பேட்டில் பதிய வேண்டும். கலைஞரே அமர்பவராக மாறி, சக மாணவரின் விளக்குக்கு முன் ஒரு மணி நேரம் இருந்து பார்ப்பதும் இப்பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

ஹைதராபாத்தில் இதற்கான வாய்ப்புகள் குறைவில்லை. மாசாப் டேங்க் பகுதியிலுள்ள ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம் புகைப்படக் கலையைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. 2015 முதல் இந்தியப் புகைப்படத் திருவிழா இந்நகரில் நடைபெற்று வருகிறது. சௌமஹல்லா அரண்மனையில் நிஜாம் காலத்து உருவப்படங்களை நேரில் நின்று காணலாம். இவற்றில் பயிலும் மாணவர்க்கு ஒளியின் கணக்கோடு இசைவின் நெறியும் ஒரே பாடத்தில், ஒரே ஆசிரியரால் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் வேண்டுகோள். விளக்கை எங்கே வைப்பது என்பதும், அமர்பவரிடம் எதைக் கேட்டுப் பெறுவது என்பதும் ஒருவரே ஒரே வேளையில் எடுக்கும் முடிவுகளாதலால், அவற்றைத் தனித்தனியே கற்றவர் கூடத்தில் நிற்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்; மறக்கப்படுவது பெரும்பாலும் அமர்பவராகவே இருக்கிறார். அக்குறையை நீக்குவது பாடத்திட்டம் வகுப்போரின் கையிலும், மாணவரைப் பயிற்றும் ஸ்டுடியோ உரிமையாளர்களின் கையிலும் உள்ளது.